அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ‘ரத்த ஓட்டம் சரியில்லை’: ஆனால் ஒரே காலுறை இருவருக்கும் ஆகாது

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 63 வயது. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இப்போது டவுனில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா (காவல்) வேலை பார்க்கிறார். பல வருடமாக இனிப்புநீர் (நீரிழிவு). சிகரெட்டையும் விடவில்லை. கொஞ்ச நாளாக வீட்டிலிருந்து கடைக்கு நடந்தால் பாதி வழியில் கெண்டைக்காலை இழுத்துப் பிடிக்கிறது என்று நின்றுவிடுகிறார், நின்றால் சரியாகிவிடுகிறது. பாதம் ஜில்லென்று இருக்கிறது, விரலெல்லாம் மரத்துப் போகிறது என்கிறார். அம்மாவுக்கு 58 வயது, பள்ளிக் கேண்டீனில் சமையல். சாயங்காலம் ஆனால் கணுக்கால் வீங்கி, கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்து நிற்கும். இரண்டு பேருக்கும் ரத்த ஓட்டம் சரியில்லை என்று அண்ணன் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கால் வைத்தால் அதிரும் மெஷின் ஒன்றும், இறுக்கமான காலுறை இரண்டு ஜோடியும் வாங்கி வந்துவிட்டார். பயன்படுத்தலாமா? வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: தங்கச்சி, காலுறையை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். அப்பா அந்த இறுக்கமான காலுறையைப் போடக் கூடாது. போட்டிருந்தால் இப்போதே கழற்றச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அதே மாதிரி காலுறை நல்லது செய்யலாம், ஆனால் அவருக்கும் ஒருமுறை பாதத்தில் நாடி பார்த்து, அளவெடுத்த பிறகுதான். ஒரே வீடு, ஒரே பேச்சு, ஆனால் இரண்டு பேருக்கும் கோளாறு நேர் எதிர்ப் பக்கத்தில் இருக்கிறது.

இதயத்திலிருந்து ரத்தம் காலுக்குப் போகிற குழாய் வேறு, காலிலிருந்து திரும்பி மேலே வருகிற குழாய் வேறு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்பாவுக்குப் போகிற வழியில் அடைப்பு, அம்மாவுக்குத் திரும்புகிற வழியில் தேக்கம். தேங்கி நிற்கும் ரத்தத்தை மேலே தள்ள வெளியிலிருந்து இறுக்கிக் கட்டுவது சரியான வைத்தியம். ஏற்கெனவே போதுமான ரத்தம் போய்ச் சேராத காலை இறுக்கினால், போகிற கொஞ்சமும் நின்று தோல் கறுத்துப் புண்ணாகிவிடும். இனிப்புநீர்க்காரர்களுக்குக் கால் மரத்திருப்பதால் இறுக்கம் வலியாகத் தெரியாது, அதுதான் எனக்குப் பயம்.

அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வரி முக்கியமானது: ‘பாதி வழியில் நின்றுவிடுகிறார், நின்றால் சரியாகிவிடுகிறது’. நடக்கும்போது கெண்டைக்கால் தசைக்குச் சும்மா இருப்பதைவிடப் பல மடங்கு ரத்தம் வேண்டும். குழாயின் உள்சுவரில் கொழுப்பு படிந்து குறுகிப்போனால், உட்கார்ந்திருக்கும்போது ஓடுகிற ரத்தம் போதும், நடக்கும்போது போதாது, தசை வலிக்கும். நின்றவுடன் தேவை குறையும், சில நிமிடத்தில் வலி போய்விடும், மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் அதே வலி வரும். நாளாக ஆக அந்தத் தூரம் குறைந்துகொண்டே வரும். பலர் இதை வயசாகிவிட்டது, வாயு பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு தைலம் தேய்த்தே வருடக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். இன்னொரு கூட்டம் வலிக்காத தூரத்துக்கு மேல் நடப்பதையே விட்டு மோட்டாரிலேயே போய்வருகிறது, வலியே இல்லை என்று டாக்டரிடமும் சொல்லிவிடுகிறது. ஆகவே அப்பாவிடம் வலிக்கிறதா என்று கேட்காதீர்கள், கூடவே நடந்து போய் எந்த இடத்தில் நிற்கிறார் என்று பாருங்கள்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் காலமெல்லாம் குனிந்து, பாரம் தூக்கியவர்களுக்கு முதுகெலும்பில் நரம்பு நெருக்கப்பட்டும் நடக்கும்போது கால் வலி வரும். அந்த வலி சும்மா நின்றால் லேசில் போகாது, உட்கார வேண்டும் அல்லது முன்னால் குனிய வேண்டும். சைக்கிள் மிதித்தால் வலிக்காது, நிமிர்ந்து நடந்தால்தான் வலிக்கும். அப்பா நின்ற நிலையிலேயே வலி அடங்குகிறது என்றால் ரத்தக்குழாயைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

மரத்துப் போவது இதில் மூன்றாவது விஷயம், அதை ரத்த ஓட்டத்தோடு ஒன்றாகக் கட்டிவிடக் கூடாது. இனிப்புநீர் பல வருடம் இருந்தால் உணர்வு நரம்பு பழுதாகும். இரண்டு பாதத்திலும் விரல் நுனியில் ஆரம்பித்து மேலே ஏறும், இரவில் எரிச்சல், ஊசி குத்துவது போல் இருக்கும். அப்பா மெட்ஃபோர்மின் மாத்திரை நீண்ட காலமாகச் சாப்பிடுகிறார் என்றால் வைட்டமின் பி12 குறைந்தும் இப்படி மரத்துப் போகலாம், அது ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும். கிளினிக்கில் மறக்காமல் கேளுங்கள். அப்பாவுக்கு நரம்புப் பழுது, குழாய் அடைப்பு இரண்டுமே இருக்க வாய்ப்பு அதிகம், அந்தக் கூட்டுத்தான் ஆபத்து: அடிபட்டால் தெரியாது, தெரியாமல் வந்த புண் ரத்தம் இல்லாமல் ஆறாது.

ஏன் வந்தது என்று கேட்டால், சிகரெட்டும் இனிப்புநீரும்தான் முன்னால் நிற்கின்றன, பின்னாலேயே ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, சிறுநீரகக் கோளாறு, வயது. சிகரெட் குழாயின் உள்சுவரைக் கெடுக்கிறது, குழாயைச் சுருக்குகிறது, ரத்தத்தை உறையத் தூண்டுகிறது. இனிப்புநீர் முழங்காலுக்குக் கீழே உள்ள சிறிய குழாய்களைக் குறிவைத்து அடிக்கும், அதனால்தான் தொடை வரை நன்றாக இருக்கும் கால் விரலில் கறுக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். இதைப் பழி சொல்வதற்காக எழுதவில்லை. நம் வீடுகளில் கால் போன தாத்தா, விரல் எடுத்த மாமா என்று யாராவது ஒருவர் இருக்கிறார், அது விதி என்று நினைத்துவிட்டோம், அந்த நினைப்பைத்தான் நான் எடுக்க விரும்புகிறேன்.

வீட்டில் வைத்தே கவனிக்கக்கூடியவை சில உண்டு. அப்பாவைப் படுக்கவைத்துக் கால் இரண்டையும் ஒரு நிமிடம் உயர்த்திப் பிடியுங்கள்; பாதம் வெளுத்துப்போய், பிறகு கட்டிலிலிருந்து தொங்கவிட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கருஞ்சிவப்பாக மாறினால் அடைப்பு வலுவாக இருக்கலாம். அந்தச் சிவப்பைப் பார்த்து ரத்தம் நன்றாக ஓடுகிறது என்று ஏமாந்துவிட வேண்டாம். தோல் மினுமினுப்பாகி முடி உதிர்ந்திருக்கிறதா, நகம் தடித்துவிட்டதா, ஒரு கால் மட்டும் மற்றதைவிடக் குளிர்ச்சியா, விரல் இடுக்கில் வெடிப்போ சிறு புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், நடுராத்திரியில் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டபடி தூங்குகிறாரா? வீட்டில் இருப்பவர்கள் இதைத் தூக்கம் வராத பழக்கம் என்று விட்டுவிடுவார்கள். படுத்தால் வலி, தொங்கவிட்டால் நிம்மதி என்றால் சும்மா இருக்கும்போதே ரத்தம் போதவில்லை என்று பொருள். அந்த நிலையில் அடுத்த மாத அப்பாயிண்ட்மென்டுக்குக் காத்திருக்கக் கூடாது, கால் போகிற கட்டம் அது.

அதைவிட அவசரமானது திடீரென்று ஒரு கால் வெளுத்து, ஐஸ் போல் குளிர்ந்து, தாங்க முடியாமல் வலித்து, அசைக்க முடியாமல் போவது. ரத்தக்கட்டி ஒன்று குழாயை முழுதாக அடைத்திருக்கும். ஆறு மணி நேரம் தாண்டினால் தசை சாக ஆரம்பித்துவிடும். தைலமோ ஊருட்டோ (உருவிவிடுவதோ) வேண்டாம், கிளினிக்குக்கும் போக வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 999 அழையுங்கள்.

சரி, அம்மாவுக்கு வருவோம். காலிலிருந்து ரத்தம் மேலே ஏற, குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. பிள்ளை பெற்றது, பல வருடம் சமையல்கட்டில் நின்றே வேலை செய்தது, உடல் எடை, குடும்பவழி எல்லாம் சேர்ந்து அந்த வால்வுகள் தளர்ந்துவிடும், ரத்தம் தேங்கிக் குழாய் புடைக்கும்; நரம்பு சுருண்டு நிற்கிறது என்று நீங்கள் எழுதியது இந்தக் குழாயைத்தான். காலையில் கால் சரியாக இருந்து சாயங்காலம் கனத்து வீங்குவது இதன் அடையாளம். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் ரத்தம் மேலே போகிறது, அதனால் அடுப்புப் பக்கத்தில் நிற்கும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்ததும் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தலையணையில் வைத்துக் கொஞ்ச நேரம் படுக்கட்டும். உள்கணுக்காலுக்கு மேலே தோல் பழுப்பாகி அரிக்க ஆரம்பித்தால் தாமதிக்கக் கூடாது, அங்கேதான் ஆறாத புண் வரும்.

அம்மா ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள், வேறு கோளாறு இல்லாமல் அந்த மாத்திரையாலேயே கணுக்கால் வீங்கலாம். தானாக நிறுத்திவிடக் கூடாது, கேட்டால் டாக்டர் மாற்றித் தருவார். இரண்டு காலும் அமுக்கினால் குழி விழுகிற மாதிரி வீங்கி, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றால் இதயம், சிறுநீரகம் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தால், முக்கியமாக நீண்ட பயணத்துக்கோ ஆப்பரேஷனுக்கோ பிறகு, ஆழத்தில் ரத்தக்கட்டி இருக்கலாம். அந்தக் காலை நீவிவிடவே கூடாது. கட்டி கிளம்பி நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் அவசரப் பிரிவுதான்.

மெஷினைப் பற்றிக் கேட்டீர்கள். காலை அதிரவைத்து எந்த அடைப்பையும் திறக்க முடியாது. கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், அந்தச் சுகத்தில் உண்மையான வைத்தியம் தள்ளிப்போகும். மரத்த காலில், புண் இருக்கும் காலில் அதை வைக்கவே கூடாது. அண்ணன் பாசத்தில் வாங்கியிருக்கிறார், அவரிடம் கோபப்படாதீர்கள். அவர் மோட்டாரில் அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் (சுகாதாரக் கிளினிக்கில்) ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பாதத்தைப் பரிசோதித்துவிடலாம். பாதத்தின் மேற்புறத்திலும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பார்ப்பார்கள், மெல்லிய நைலான் இழையால் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று சோதிப்பார்கள். அவர்களாகச் செய்யாவிட்டால், “டாக்டர், அப்பாவின் சப்பாத்தைக் கழற்றிப் பாருங்கள்” என்று நீங்களே சொல்லுங்கள், தயங்க வேண்டாம். நாடி தட்டவில்லை என்றால் கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் பரிசோதனைக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி மாதிரி இடத்துக்கு அனுப்புவார்கள். அந்த விகிதம் 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது. 1.4-க்கு மேலே போனாலும் நல்ல செய்தி அல்ல, இனிப்புநீரால் குழாய் கல்லாக இறுகியிருக்கலாம், அப்போது கால் விரலில் அழுத்தம் எடுப்பது, ஸ்கேன் என்று வேறு வழியில் பார்ப்பார்கள்.

காலில் அடைப்பு என்றால் இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாயிலும் அதே படிவு இருக்கும் வாய்ப்பு பெரிது. அதனால் டாக்டர் கொழுப்பு மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும் எழுதுவார், கால் வலிக்கு எதற்கு இதெல்லாம் என்று அப்பா நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிகரெட்டை விடச் சொல்லி வீட்டில் சண்டை போட்டுப் பலன் இல்லை. பல அரசாங்கக் கிளினிக்குகளில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, நிக்கோட்டின் பசை, சூயிங்கம் போன்றவற்றோடு உதவுவார்கள். குறைத்துக்கொண்டேன் என்பது போதாது, விட்டுவிட வேண்டும்.

புண்ணும் இரவு வலியும் இல்லையென்று டாக்டர் உறுதிசெய்த பிறகு, நடையே மருந்து. வலி நன்றாக வரும்வரை நடந்து, நின்று, அடங்கியதும் மறுபடி நடந்து, இப்படி ஒரு தடவைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரத்தில் மூன்று நாளாவது, மூன்று மாதம். வலித்தாலும் நடக்கலாமா என்று பயப்படுவார், அந்த வலி காலைக் கெடுக்காது, நிற்கிற தூரம் தள்ளிப்போவதை அவரே பார்ப்பார். அதற்கும் சரிவரவில்லை என்றால் பலூன் வைத்துக் குழாயை விரிப்பது, மாற்றுக் குழாய் இணைப்பது எல்லாம் இருக்கிறது.

அதுவரை வெறுங்காலோடு வாசலில்கூட இறங்க வேண்டாம். கோயில் திருவிழா வந்தால் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மரத்த காலோடு அதைச் செய்தவர்கள் கொப்புளத்தைக்கூட உணராமல் வீட்டுக்குப் போய், புண் சீழ் பிடித்த பிறகு வருவார்கள். வேண்டுதலை அர்ச்சனையாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், அம்மன் கோபிக்கமாட்டாள். பாதம் குளிர்கிறதே என்று சுடுநீர்ப் பையோ சுடு உப்புத் தண்ணீரோ வேண்டாம், தளர்வான பருத்திக் காலுறை போதும். கால் ஆணியைப் பிளேடால் சீவ வேண்டாம். தினமும் ராத்திரி விரல் இடுக்குவரை நீங்களோ அம்மாவோ பாருங்கள், அவருக்குக் குனிந்து பார்க்க முடியாது.

இந்த வாரமே போங்கள். போகும்போது இருவருடைய மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், அப்பா எந்த இடத்தில் நிற்கிறார், எத்தனை நிமிடத்தில் வலி அடங்குகிறது என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விரல் ஏதாவது கறுத்தாலோ காய்ச்சலோடு பாதம் சிவந்தாலோ வாரக் கணக்கு வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.