பௌர்ணமியில் பள்ளம் தெரியாது

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "6 அங்குல டாப்சோனியன் (தாங்கியில் வைத்துக் கையால் திருப்பும் வகை) தொலைநோக்கி வாங்கியிருக்கிறேன். பௌர்ணமியன்று மொட்டை மாடியில் வைத்து செல்போனில் நிலாவை எடுத்தேன். பீங்கான் தட்டு மாதிரி வெறும் வெள்ளையாக வருகிறது. கருவியில் கோளாறா?"

கருவியில் கோளாறில்லை, நாள்தான் தோதில்லை. பௌர்ணமியில் சூரிய ஒளி நிலவின் முகத்தில் நேராக விழுகிறது. நிழலே விழாதபோது பள்ளம் எப்படித் தெரியும்? வளர்பிறை பஞ்சமியிலிருந்து தசமிக்குள் எடுங்கள். வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டில் அப்போதுதான் அங்கே சூரியன் உதிக்கும். சின்ன மேடுகூட நீளமாக நிழல் போடும். சஷ்டியை ஒட்டி தியோபிலஸ் என்ற பள்ளம்: சுமார் 100 கி.மீ. அகலம், நடுவில் மலை. அஷ்டமி, நவமியில் டாலமேயஸ், அல்போன்சஸ், ஆர்சகெல் என்ற பள்ளங்கள் மூன்றும் வரிசையாக நிற்கும். தசமியை ஒட்டி 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்நிக்கஸ், உள்சுவர் படிக்கட்டாக இறங்கும். ஒரே பள்ளத்தை அடுத்தடுத்த இரண்டு இரவுகள் எடுத்துப் பாருங்கள், நிழல் சுருங்கியிருக்கும். எனக்கு அதைவிடப் பிடித்த காட்சி வானத்தில் இல்லை.

அப்புறம், மொட்டை மாடி வேண்டாம். பகலில் குடித்த வெயிலை கான்கிரீட் இரவில் வெளியே விடும், படம் கானல் மாதிரி ஆடும். முற்றத்து மண்ணில் வையுங்கள். நம் குமரி மாவட்டம் 8 பாகை அட்சரேகையில் இருப்பதால் அந்தி நேரத்து அரைநிலா கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நிற்கும். அங்கே டாப்சோனியனைத் திருப்புவது பெரும்பாடு. எட்டு மணிக்கு மேல் மேற்கே சரியட்டும். அதற்குள் வெளியே வைத்த தொலைநோக்கியின் கண்ணாடியும் ஆறிவிடும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று குழாயையே உலுக்கும். தை, மாசி நல்ல காலம்.

செல்போனைக் கையில் பிடிக்காமல், ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) மாட்டும் அடாப்டரில் வையுங்கள். நைட் மோடை அணைத்துவிட்டு ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் 1/100 நொடியில் தொடங்குங்கள். பள்ளத்தின் விளிம்பு வெளுத்தால் ஷட்டர் நேரத்தை இன்னும் குறையுங்கள். ஒற்றைப் படத்தை நம்ப வேண்டாம். காற்று மண்டலம் ஓயாமல் ஆடுகிறது, நடுவே சில நொடித்துளிகள்தான் அசையாமல் நிற்கும். நிலாவை ஓரத்தில் வைத்து, அது தானாக நகர்ந்து கடக்கும்வரை வீடியோ எடுங்கள். நாலைந்து தடவை எடுத்தால் போதும். ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் தெளிவான பிரேம்களைப் பொறுக்கி ஒன்றாக அடுக்கித் தரும்.

டாலமேயஸின் சமதளத்தில் அமோனியஸ் என்ற குட்டிப் பள்ளம் இருக்கிறது, சுமார் 9 கி.மீ. அது வட்டமாக, விளிம்பு தெளிவாக விழுந்திருந்தால் உங்கள் போகஸ் சரி. மங்கலாகத் தெரிந்தால் தொலைநோக்கியின் கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டு மறுநாள் எடுங்கள்.