செல்டிக்கின் பின்வரிசைக்காரர்கள் அப்புறம் என்ன ஆனார்கள்? – கேள்வி பதில்

கிளாஸ்கோவின் செல்டிக் கால்பந்து அணியில் டிஃபெண்டர்களாக ஆடியவர்களின் பிற்கால வாழ்க்கை பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கடைசிநிமிடம்: பில்லி மெக்நீல் கோப்பையோடு நிற்கும் படம் மட்டும்தான் எனக்குத் தெரியும். ஆடி முடித்தபின் என்ன செய்தார்?

அந்தப் படம் 1967 மே 25, லிஸ்பனில் எடுத்தது. இன்டர் மிலானை 2-1 என வென்ற நாள். ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய முதல் பிரிட்டிஷ் கேப்டன் அவர். 790 ஆட்டங்கள், தொடர்ச்சியாக ஒன்பது லீக் பட்டங்கள். 1975 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டத்தோடு பூட்ஸைக் கழற்றினார்.

பயிற்சியாளர் வாழ்க்கை க்ளைட் அணியில் 1977இல் தொடங்கியது. சில மாதங்களிலேயே அபர்டீன் அழைத்தது. ஒரே சீசனில் அவர்களை லீக்கில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, 1978இல் செல்டிக்குக்குத் திரும்பினார். அபர்டீனில் அவர் விட்ட நாற்காலியில் உட்கார்ந்தவர் அலெக்ஸ் ஃபெர்குசன். செல்டிக்கில் மூன்று லீக் பட்டங்கள் வென்றார். 1983இல் மான்செஸ்டர் சிட்டி, பிறகு ஆஸ்டன் வில்லா. 1986-87 சீசனை சிட்டியில் தொடங்கி வில்லாவில் முடித்தார். அந்த வருடம் இரண்டு அணிகளுமே கீழ்ப் பிரிவுக்கு இறங்கின. வேறு ஒருவராக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். செல்டிக் அவரை மறுபடி அழைத்தது. அணியின் நூற்றாண்டு சீசனான 1987-88இல் லீக், கோப்பை இரண்டையும் வென்று கொடுத்தார்.

2017இல் அவருக்கு டிமென்ஷியா (மறதி நோய்) இருப்பதைக் குடும்பத்தினர் வெளியில் சொன்னார்கள். 2019 ஏப்ரலில் காலமானார். இதைப் பற்றி இன்னும் பேச வேண்டியிருக்கிறது, கீழே வருகிறேன்.

மஞ்சள்அட்டை: டிஃபெண்டர் வான் டைக்கை செல்டிக் எவ்வளவுக்கு வாங்கி எவ்வளவுக்கு விற்றது?

2013இல் குரோனிங்கனிடமிருந்து சுமார் 26 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். 2015இல் சவுத்தாம்ப்டனுக்கு சுமார் 1.3 கோடிக்கு விற்றார்கள். 2018 ஜனவரியில் லிவர்பூல் 7.5 கோடி கொடுத்தபோது, மறுவிற்பனை ஒப்பந்தப்படி செல்டிக்குக்கும் ஒரு பங்கு கிடைத்தது. ஒரு எச்சரிக்கை: செய்திகளில் வரும் தொகை பெரும்பாலும் தவணையும் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. முதல் நாளில் கைக்கு வரும் பணம் வேறு.

பழையபந்து: லிஸ்பனில் வென்ற அந்த செல்டிக் அணியின் மற்ற டிஃபெண்டர்கள்?

ரைட் பேக் ஜிம் கிரெய்க் பல் மருத்துவம் படித்தவர். இறுதியாட்டத்தில் ஏழாவது நிமிடத்திலேயே எதிரணிக்குப் பெனால்டி கொடுத்தார். ஆனால் சமன் செய்த கோலுக்குப் பந்தை எடுத்துத் தந்ததும் அவர்தான். தென்னாப்பிரிக்காவில் ஹெலனிக், இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் வெட்னெஸ்டே என்று போய்விட்டுப் பல் மருத்துவத்துக்கே திரும்பினார். ஜான் கிளார்க் மெக்நீலின் உதவிப் பயிற்சியாளரானார். பிற்காலத்தில் செல்டிக்கின் சீருடைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தார்.

லெஃப்ட் பேக் டாமி ஜெம்மெல்தான் அந்தச் சமன் கோலை அடித்தவர். 1970 இறுதியிலும் கோல் போட்டார், ஆனால் ஃபேயனூர்டிடம் தோற்றார்கள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் போய், பிறகு டண்டீக்கு வந்து, 1973 லீக் கோப்பை இறுதியில் செல்டிக்கையே வென்ற அணிக்குக் கேப்டனாக நின்றார். பின்னர் அதே டண்டீக்குப் பயிற்சியாளர்.

இடதுகால்: ஸ்காட்லாந்து லெஃப்ட் பேக் ஆன்டி ராபர்ட்சன் செல்டிக் ஆள்தானே?

சிறுவர் அணியில் மட்டும். உயரம் போதாது என்று 15 வயதில் அனுப்பிவிட்டார்கள்.

நீலச்சட்டை: கிளாஸ்கோவின் இன்னொரு அணியான ரேஞ்சர்ஸின் ஜான் கிரெய்க் பற்றி?

ரேஞ்சர்ஸ்காரர் ஜான் கிரெக்; மேலே சொன்ன ஜிம் கிரெய்க் வேறு ஆள். ரேஞ்சர்ஸுக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்வோம்.

வெறுங்கால்: 1936இல் செல்டிக்குக்கு ஆடிய முகமது சலீம்?

கொல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங்கிலிருந்து போய், காலில் துணி சுற்றிக்கொண்டு ஆடி கிளாஸ்கோவை அசத்தியவர். ஆனால் விங்கர், அதாவது ஓரத்தில் ஓடித் தாக்கும் வீரர். இன்று டிஃபெண்டர்கள் மட்டும்.

கோல்கம்பம்: வான் டைக் எவ்வளவுக்கு விற்கப்பட்டார், சார்?

மேலே இருக்கிறது.

மருந்துசீட்டு: நோயோடு போராடி ஆடியவர்கள் உண்டா?

டேனி மெக்ரெய்னைச் சொல்லாமல் இந்தப் பேச்சே முழுமையாகாது. 1972இல் மண்டையோட்டில் விரிசல். 1974 உலகக் கோப்பை முடிந்து வந்ததும் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டே ஆடினார். 1977இல் கணுக்கால் காயம் வந்து 1978 உலகக் கோப்பை கைவிட்டுப் போனது. இத்தனைக்கும் பிறகு 1982 உலகக் கோப்பைக்கு ஸ்காட்லாந்தின் கேப்டனாகப் போனார். பிறகு ஆர்ப்ரோத்துக்குப் பயிற்சியாளர், அப்புறம் செல்டிக்கிலேயே இளைஞர்களுக்குப் பயிற்சி.

அடுத்து ஆலன் ஸ்டப்ஸ். 1999 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிக்குப் பின் எடுத்த ஊக்கமருந்துப் பரிசோதனைதான் அவருக்கு விரைப் புற்றுநோய் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. சிகிச்சை முடித்து மீண்டும் ஆடி, 2001இல் எவர்டனுக்குப் போனார். 2016இல் அவர் பயிற்சியில்தான் ஹிபர்னியன் 1902க்குப் பிறகு முதல்முறையாக ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது.

தலைமுட்டி: மெக்நீலுக்கு வந்த டிமென்ஷியா வயதால் வந்ததுதானே? பந்தைத் தலையால் முட்டியதைக் காரணம் சொல்வது மிகை.

ஒரு தனி மனிதருக்கு எதனால் வந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கூட்டாகப் பார்த்த கணக்கு இருக்கிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7,676 முன்னாள் ஸ்காட்டிஷ் தொழில்முறை வீரர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டார்கள். டிமென்ஷியா போன்ற நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது வீரர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு அதிகம். மாரடைப்பாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இறப்பது குறைவு என்பதையும் அதே ஆய்வு சொன்னது.

தலைமுட்டி: அது பழைய தோல் பந்து. மழையில் நனைந்தால் கல் மாதிரி. இப்போதைய பந்தில் ஆபத்தில்லை.

எல்லோரும் சொல்கிற பதில் இது. இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். காய்ந்த பந்தின் எடை அன்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான், 410 முதல் 450 கிராம். தோல் பந்து நீர் குடித்துக் கனத்தது உண்மை. ஆனால் இன்றைய பந்து நனையாததால் வேகம் குறையாமல் வருகிறது. அதைவிட முக்கியம், அதே குழுவின் 2021 ஆய்வு: பிறந்த காலத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தபோது, பிந்தைய தலைமுறைக்கு ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை.

பழையபந்து: நான் ஆடிய காலத்துப் பந்தை நீங்கள் தொட்டிருந்தால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள்! தலைமுட்டி சொல்வது சரி.

ஐயா, பந்து வலித்தது என்பதை நான் மறுக்கவில்லை. கேள்வி அதுவல்ல. 2021 ஆய்வில் ஆடும் இடத்தை வைத்தும் பிரித்தார்கள். கோல்கீப்பர்களுக்குப் பொதுமக்களைப் போலவேதான் ஆபத்து. டிஃபெண்டர்களுக்கு சுமார் ஐந்து மடங்கு. 15 வருடத்துக்கு மேல் ஆடியவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு. ஒரே பந்து, ஒரே மைதானம், ஒரே மழை. கோல்கீப்பருக்கும் டிஃபெண்டருக்கும் நடுவே பெரிய வேறுபாடு என்ன? தலையால் முட்டுகிற எண்ணிக்கை.

தலைமுட்டி: மோதல், தலையில் பூட்ஸ் பட்டது எல்லாம் இருக்குமே?

இருக்கும். ஆய்வில் யாரும் ஹெடர்களை ஒவ்வொன்றாக எண்ணவில்லை. அந்த அளவுக்கு உங்கள் சந்தேகம் நியாயம். ஆனால் உறுதியாகத் தெரியும் வரை முட்டிக்கொண்டே இருப்போம் என்பதை நான் ஏற்க மாட்டேன். மெக்நீல் என்றாலே அவருடைய ஹெடர்கள்தான். 1965 கோப்பை இறுதியில் டன்ஃபெர்ம்லினுக்கு எதிராக வெற்றி கோல், 1967 காலிறுதியில் வோய்வோதினாவுக்கு எதிராகக் கடைசி நேர கோல், இரண்டும் தலையால். ஆட்டத்தில் நாம் பார்த்தது இவற்றை. பயிற்சியில் வாரக்கணக்கில் முட்டியதை யாரும் பார்க்கவில்லை. ஸ்காட்லாந்து இதைப் புரிந்துகொண்டது: 2022 முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாளும் மறுநாளும் பயிற்சியில் ஹெடர் வேண்டாம் என்று தொழில்முறை அணிகளுக்கு வழிகாட்டுதல் இருக்கிறது.

வெள்ளைக்கோடு: வான் டைக்கை விற்றதில் செல்டிக்குக்கு லாபம் எவ்வளவு?

மூன்றாவது முறை. இனி விலைக் கேள்விகளுக்குப் பதில் இல்லை.

குளிர்காலம்: லெஃப்ட் பேக் டியர்னி?

2019இல் 2.5 கோடி பவுண்டுக்கு ஆர்சனல், ஒரு சீசன் கடனாக ரியால் சோசியடாட், 2025இல் மீண்டும் செல்டிக். அந்த நவம்பரில் டென்மார்க்கை 4-2 என வென்று ஸ்காட்லாந்து 1998க்குப் பின் முதல்முறை உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதே, அதில் மூன்றாவது கோல் இவருடையது.

சின்னவன்அப்பா: என் மகனுக்குப் பத்து வயது, செண்டர் பேக் (நடு டிஃபெண்டர்). பயிற்சியில் தினமும் ஹெடர் போடச் சொல்கிறார்கள். இவ்வளவு படித்தபின் பயமாக இருக்கிறது.

நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்தில் 2020 முதல் 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பயிற்சியில் ஹெடர் கிடையாது. அதற்கு மேல் வயது ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுமதி. பயிற்சியாளர் தயங்கினால் இந்த விதியை எடுத்துக் காட்டுங்கள். அந்த நேரத்தில் நிற்கும் இடம், பந்தைக் காலால் வாங்கித் திரும்புவது, இரண்டு காலாலும் பாஸ் கொடுப்பது ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளட்டும்.