வலைக்குண்டு வார்க்கும் குசினி

அப்பா வீச்சு வலைக்கான குண்டுகளைக் குசினி அடுப்பிலேயே வார்க்கிறார். பழைய பெற்றரியின் ஈயத் தகட்டைத்தான் உருக்குகிறார். என் மூன்று வயது மகள் அருகில் விளையாடுவாள். பயப்பட வேண்டுமா? (கல்லடி)

ஆம். அந்த வேலை இனி வீட்டுக்குள் வேண்டாம். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும். விறகடுப்புக்கு அது பெரிய சூடல்ல. எழும் தூசி தரையில் படியும். பிள்ளையின் கை தரைக்கும் போகும், வாய்க்கும் போகும். விழுங்கிய ஈயத்தை வளர்ந்தவரைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகப் பிள்ளையின் உடம்பு ஏற்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெற்றரித் தகடு இன்னும் மோசம். அதில் பாதிக்கு மேல் ஈயப் பொடி. உடைக்கும்போது கொட்டும் அமிலத்திலும் ஈயம் உண்டு. நம் மணல் தரையில் அது கிணற்றுக்கு இறங்க நாளாகாது.

குண்டைக் கடையில் வாங்கிவிடுங்கள். வார்த்த இடத்தைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். உருக்கிய சட்டியில் இனிச் சமைக்க வேண்டாம். மகளை வைத்தியரிடம் காட்டி, இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். "பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது" என்றால் மறுபடியும் கேளுங்கள். குறைந்த அளவு ஈயம் வெளியே எதையும் காட்டாது. பள்ளிக்கூடம் போன பிறகு படிப்பில் காட்டும்.

ஈயம் கலந்த பெற்றோலை இலங்கை 2002இலேயே நிறுத்திவிட்டதே. இன்னும் ஏன் இந்தப் பேச்சு? (சம்மாந்துறை)

பெற்றோல் போனது, பெற்றரி பெருகியது. உலகில் மூன்றில் ஒரு பிள்ளையின், அதாவது ஏறக்குறைய 800 மில்லியன் பிள்ளைகளின், இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாக யுனிசெஃப் 2020இல் கணக்கிட்டது. பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும். பணக்கார நாட்டில் பழைய பெற்றரி புகைவடிகட்டி பொருத்திய தொழிற்சாலைக்குப் போகும். ஏழை ஊரில் முற்றத்துக்கு வரும். செனகலின் டக்கார் அருகே தியாரோயில் 2007-08இல் சில மாதங்களுக்குள் 18 சிறுபிள்ளைகள் இறந்தார்கள். ஈயத்தின் விலை ஏறியிருந்தது. பெண்கள் பழைய பெற்றரி உடைத்த மண்ணைச் சலித்து ஈயம் பொறுக்கி விற்றார்கள். அதை அறியாமை என்று எழுதுவோர் மீது எனக்குக் கோபம் வரும். அந்த மண்ணை விட்டால் அன்றைய உலைக்கு அவர்களுக்கு வேறென்ன இருந்தது?

புளித்தண்ணீர் குடித்தால் ஈயம் வெளியேறுமாமே? (திருக்கோவில்)

வெளியேறாது. பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்த மலிவான சட்டியில் புளிக்குழம்பு வைத்தால், சட்டியிலுள்ள ஈயத்தைப் புளி குழம்புக்குள் இழுத்துவிடும். மண்சட்டி என்றாலும் பளபளக்கும் பூச்சுள்ளது வேண்டாம். முள்ளோடு உண்ணும் சிறுமீன், கீரை இரண்டையும் பிள்ளைக்குத் தாருங்கள். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் இருந்தால் குடல் ஈயத்தைக் குறைவாகவே ஏற்கும்.