'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' கதையில் வருவது நிஜப் பேயா, மனப்பிரமையா?

1898இல் ஹென்றி ஜேம்ஸ் எழுதிய இந்தக் குறுநாவலில், பேயைப் பார்த்ததாகச் சொல்பவள் ஒருத்திதான்: இரண்டு பிள்ளைகளைக் கவனிக்க ப்ளை மாளிகைக்கு வந்த இளம் ஆசிரியை. ஏரிக்கரையில் அவள் கை காட்டும்போது, பக்கத்திலேயே நிற்கும் மாளிகை நிர்வாகி மிஸஸ் குரோஸ் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அடக்கி வைத்த ஆசைதான் ஆசிரியைக்குப் பேயாகத் தெரிகிறது என்று 1934இல் விமர்சகர் எட்மண்ட் வில்சன் எழுதினார்.

சரி, ஆனால் ஒரு இடம் இடிக்கிறது. சிவப்புத் தலைமுடி, தொப்பி இல்லை, வேறு யாருடையதோ போன்ற உடுப்பு. அவள் சொன்ன இந்த அடையாளத்தைக் கேட்டே, செத்துப்போன வேலைக்காரன் பீட்டர் க்வின்ட் என்று மிஸஸ் குரோஸ் கண்டுகொள்கிறாள். அவன் எப்படி இருப்பான் என்று முன்பு யாரும் ஆசிரியையிடம் சொன்னதாகக் கதையில் இல்லை. அதனால் நான் பேய் உண்டு என்ற பக்கம்தான். என்ன, இதையும் நமக்குச் சொல்வது அவளே எழுதிவைத்த கைப்பிரதி. ஜேம்ஸ் வேறு சாட்சி வைக்கவே இல்லை.