பலத்த காற்றில் கேரவனின் ஸ்லைடு அவுட்டை நீட்டியே வைக்கலாமா?

ஜூலையில் ராமேஸ்வரம் பக்கம் ஸ்லைடு அவுட் (நிறுத்திய பிறகு பக்கவாட்டில் வெளியே நீட்டும் பெட்டி மாதிரியான அறைப் பகுதி) வைத்த கேரவனில் இரண்டு இரவு தங்கப் போகிறோம், காற்று பலமாக அடித்தால் ஸ்லைடை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். காற்று ஏறுவதற்கு முன்பே உள்ளே இழுத்துவிடுங்கள். ஏறிய பிறகு இழுப்பதில்தான் வினையே இருக்கிறது.

சினிமா ஷூட்டிங்குக்குப் போகும் கேரவனை ஆறு வருடம் ஓட்டியவன் நான். ஒரு ஆடி மாதம், தனுஷ்கோடி சாலையோரத்தில் அரிச்சல்முனையைப் பார்த்து வண்டியை நிறுத்தி வலப்பக்க ஸ்லைடை நீட்டினேன். வலப்பக்கம் தென்கடல். கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வரும். நீட்டிய பெட்டியின் முகத்திலேயே அடிக்கும். மீன் வறுத்துக்கொண்டிருந்த கடைக்கார அக்கா, "தம்பி, பொட்டிய உள்ள தள்ளிருங்க, மதியத்துக்கு மேல காத்து சும்மா இருக்காது" என்றார். நான் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு ஸ்லைடின் தலைக்கு மேல் விரிந்திருக்கும் டாப்பர் துணி பாய் மாதிரி புடைத்துப் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. பயந்துபோய் சுவிட்சை அழுத்தினேன். உருளையில் நேராகச் சுருள வேண்டிய துணி ஒரு பக்கமாக ஏறி, ஓரத்தில் சிக்கிக் கிழிந்தது. பெட்டி பாதியில் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் பல் சக்கரம் ஓடும் சட்டம் முழுக்க மணல். பெயின்ட் பிரஷ்ஷால் அதைத் தட்டிவிட்டு, கைப்பிடி போட்டுச் சுற்றிச் சுற்றி உள்ளே ஏற்ற முக்கால் மணி நேரம் ஆனது. ரப்பர் பட்டையில் மணல் கிழித்த கோடு கடைசிவரை போகவில்லை, மழை பெய்தால் அந்த இடத்தில் சொட்டும்.

மணிக்கு 60 கி.மீ. பக்கம் வந்தால் ஸ்லைடை இழுத்தே ஆக வேண்டும் என்று பலர் கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் இப்போது 40-லேயே இழுத்துவிடுகிறேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். பழைய பாம்பன் ரயில் பாலம் பயன்பாட்டில் இருந்த காலத்தில், காற்று 58 கி.மீ.யைத் தாண்டினாலே சிக்னல் சிவப்பாகி ரயில் நின்றுவிடும், நம் பெட்டி எம்மாத்திரம்! வெளியே நிழலுக்கு விரிக்கும் ஆனிங்கை அதற்கும் வெகு முன்பே சுருட்டிவிட வேண்டும்.

வண்டியின் மூக்கு காற்றைப் பார்த்து இருக்கட்டும். அப்படி இடம் அமையாவிட்டால், ஸ்லைடாவது காற்றுக்கு மறுபக்கம் வரும்படி திருப்பி நிறுத்துங்கள். இழுக்கும் முன் கூரை மணலை உலர்ந்த துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். வண்டி மட்டமாக நிற்கிறதா என்றும் பாருங்கள், கோணலாக நின்றால் பெட்டி கோணலாகவே ஓடும். சட்டத்துக்கு கிரீஸ் வேண்டாம், மணல் அப்பிக்கொள்ளும். உலர்ந்த சிலிக்கோன் ஸ்பிரே போதும்.

தனுஷ்கோடியில் இரவு தங்க விடமாட்டார்கள். ஜூலை என்றால் அரியமான் பக்கம் பாருங்கள். அது வடகடல் கரை, கச்சான் நிலத்தைத் தாண்டித்தான் அங்கே வரும். சவுக்கு மரத்துக்கு நேர் கீழே மட்டும் நிறுத்தாதீர்கள். டிசம்பரில் வாடைக்காற்றுக்கு இதெல்லாம் தலைகீழ்.

அப்புறம், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் ஸ்லைடைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மூட்டை கட்டுங்கள், ராமேஸ்வரம் தீவுக்குள் இருந்தால் காற்று ஏறும் முன் பாலத்தைத் தாண்டிவிடுங்கள். உயரமான வண்டியைப் பாலத்தின் மேல் பக்கக் காற்று தள்ளும்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது லேசான வேலை இல்லை.