அம்மாவுக்குப் பெரிய மருத்துவமனையில் கீமோ நடக்கிறது, வீடு தாம்பரம். நடுவில் காய்ச்சல் வந்தால் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?

போகலாம், போகத்தான் வேண்டும். கீமோ அடையாறில் ஏறினாலும் ராயப்பேட்டையில் ஏறினாலும் காய்ச்சல் வரப்போவது ராத்திரி பதினொரு மணிக்கு உங்கள் வீட்டில்தான். "கேன்சர் கேஸை அங்கெல்லாம் காட்டாதே" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். நான் கீமோ வார்டு நர்ஸ். சிகிச்சையை இடம் மாற்றச் சொல்லவில்லை. முதல் ஆன்டிபயாடிக் ஏற வேண்டிய அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

பல கீமோ மருந்துகளில், மருந்து ஏறிய நாளிலிருந்து எண்ணி 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள், கிருமியோடு போராடும் வெள்ளை அணு அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்துப் பாருங்கள். காபி குடித்திருந்தால் கால் மணி நேரம் பொறுத்து. ஃபாரன்ஹீட்டில் 100.4 காட்டினால் கிளம்பிவிடுங்கள். காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கினாலும் அப்படித்தான். டோலோ போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருப்பதுதான் ஆளையே கொல்கிற தப்பு. வெள்ளை அணு குறைந்த உடம்பில் அவ்வளவாகச் சீழ் பிடிக்காது, சளி கட்டாது. பல சமயம் வெளியே தெரிகிற ஒரே அடையாளம் அந்தச் சூடுதான். மாத்திரை அதையும் மறைத்துவிடும்.

கேஷுவாலிட்டியில் வெறுமனே "காய்ச்சல்" என்றால் வைரல் ஃபீவர் வரிசையில் உட்கார வைப்பார்கள். "கீமோ ஓடுது, இன்னைக்குப் பத்தாவது நாள்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லுங்கள். பிளட் கல்ச்சருக்கு (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக் ஏற்றட்டும், ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். இடுப்பில் ஊசி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் குறைந்திருந்தால் சதைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட், வந்ததும் வெள்ளை அணுவின் டோட்டல் கவுன்ட்டோடு நிறுத்தாதீர்கள். 1,800 என்றால் ஏதோ கொஞ்சம் குறைவு போலத்தான் தெரியும். அதில் கிருமியோடு முதலில் மோதும் வகையான நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால் கையிருப்பு வெறும் 360. 500க்குக் கீழே இருந்தால் வீட்டுக்கு அனுப்பச் சம்மதிக்காதீர்கள்.

கடைசி கீமோ சார்ட்டை போனில் படம் பிடித்து வைத்திருங்கள். மருந்தின் பெயரே படிக்க முடியாத கையெழுத்தில் சம்மரி எழுதித் தருபவர்களை என்ன சொல்வது!  

வெள்ளை அணுவை ஏற்றும் ஃபில்கிராஸ்டிம் ஊசியையும் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கொள்ளலாம், கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து அது; கடையிலிருந்து ஐஸ் பேக்கோடு வாங்கி வாருங்கள், ஐஸ் மேல் நேராகப் படாமல் துணி சுற்றி. அம்மாவுக்கு நெஞ்சில் போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் பொருத்தும் சின்னக் கருவி) வைத்திருந்தால், அதற்கென்றே உள்ள ஹ்யூபர் ஊசி இல்லாத இடத்தில் யாரையும் அதில் குத்த விடாதீர்கள். சாதாரண ஊசி உள்ளே இருக்கும் சிலிகோன் மூடியைக் கிழித்துவிடும். கை நரம்பிலேயே ஏற்றச் சொல்லுங்கள்.