கிராஜுவலி என்றால் மெதுவாகவா?

கேள்வி: அலுவலக மின்னஞ்சல் ஒன்றில் ‘ப்ளீஸ் ஸ்பீக் கிராஜுவலி’ என்று எழுதினேன். மேலாளர் அதை ‘ஸ்லோலி’ என்று திருத்திவிட்டார். என்னிடமுள்ள அகராதியில் இரண்டுக்குமே ‘மெதுவாக’ என்றுதான் பொருள் போட்டிருக்கிறது. நான் எழுதியதில் என்ன பிழை?

பதில்: மேலாளர் திருத்தியது சரியே, உங்களைத் தடுமாற வைத்தது அகராதியின் அந்த ஒற்றைச் சொல். ‘ஸ்லோலி’ ஒரு செயல் நடக்கும் வேகத்தைச் சொல்கிறது. ‘கிராஜுவலி’யோ, ஒரு நிலை இன்னொரு நிலையாகச் சட்டென்று மாறிவிடாமல், இடைப்பட்ட நிலைகளை ஒவ்வொன்றாகக் கடந்து மாறுவதைக் குறிக்கிறது. அதனால்தான் முன்னதற்கு எதிர்ச்சொல் ‘குயிக்லி’ என்றும் பின்னதற்கு ‘சடன்லி’ என்றும் அமைகின்றன.

விளக்கொளியைக் கூட்டிக் குறைக்கும் குமிழை நினைத்துப் பாருங்கள். அதைத் திருகினால் மங்கல் வெளிச்சம் இரண்டே விநாடியில் முழு வெளிச்சமாகிவிடும். அதை மெதுவாக நடந்ததென்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் ‘கிராஜுவலி’ என்பது அங்கே கச்சிதமாகப் பொருந்தும். சாதாரணச் சுவிட்சைத் தட்டினால் எரியும் விளக்குக்கு அது பொருந்தாது.

ஆகவே இச்சொல்லுக்குத் துணையாக வரும் வினையில் ஏதேனும் ஒன்று கூடவோ குறையவோ மாறவோ வேண்டும்: இன்க்ரீஸ், இம்ப்ரூவ், டிஸப்பியர் போன்றவை. ‘ஹீ கிராஜுவலி ஸ்டாப்டு ஸ்மோக்கிங்’ என்றால், நாளுக்குப் பத்து சிகரெட் ஏழாகி, மூன்றாகி, ஒன்றாகிப் பிறகு நின்றது என்று பொருள். வெறுமனே ‘பேசு’ என்பதில் அப்படிக் குறைந்துவர எதுவும் இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ‘ஹெர் ஹெல்த் ஸ்லோலி இம்ப்ரூவ்டு’ என்றும் ஆங்கிலத்தில் எழுதலாம். அதாவது ‘கிராஜுவலி’யின் இடத்தில் ‘ஸ்லோலி’ பல சமயம் வந்து உட்கார்ந்துகொள்ளும், ஆனால் ‘ஸ்லோலி’யின் இடத்தில் ‘கிராஜுவலி’ எல்லாச் சமயமும் பொருந்தாது. அகராதிகள் இரண்டையும் ஒன்றாக்கியதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

என்னைக் கேட்டால், ‘கிராஜுவலி’க்குத் தமிழில் ‘படிப்படியாக’ என்பதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. இது தற்செயலான அழகு: ஆங்கிலச் சொல்லின் வேரான ‘கிராதுஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கும் படி என்றுதான் பொருள், கிரேடு, டிகிரி ஆகியவையும் அந்த வேரில் பிறந்தவையே. எழுதும்போது ஐயம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘படிப்படியாகக் குணமடைந்தார்’ இயல்பாக ஒலிக்கும். ‘தயவுசெய்து படிப்படியாகப் பேசுங்கள்’ ஒலிக்காது.

இதே இடத்தில் ‘ஈவென்ச்சுவலி’யைப் போடுபவர்களும் உண்டு. அது மாற்றம் நடந்த விதத்தைச் சொல்வதில்லை. கடைசியில் நடந்தேறியது என்பதை மட்டுமே சொல்கிறது.